நிலா தெளியவே மாட்டேங்குதா? பழைய ரிஃப்ளெக்டர் டெலஸ்கோப்ல ஃபோகஸ் எட்டாத பிரச்சனைக்கு அறிகுறி பாத்து வழி

பெங்களூர் அல்சூர்ல ஒரு பெரியவர் வீட்டுப் பரண்ல இருந்து ஒரு 6 இன்ச் நியூட்டோனியன், அதாவது லென்ஸுக்குப் பதிலா குழி மிரர் வெச்ச ரிஃப்ளெக்டர் டெலஸ்கோப், என் கைக்கு வந்துச்சு. 1986-ல ஹாலி வால்நட்சத்திரம் பாக்கணும்னு அவரே மிரர் தேய்ச்சு, 200 மிமீ பிவிசி பைப்ல கட்டினது. எஃப் 8, அதாவது ஃபோகல் லெங்த் (மிரர்ல இருந்து படம் கூடற தூரம்) 150 மிமீ மிரர் அகலத்த போல 8 மடங்கு, 1200 மிமீ. "தம்பி, இதுல சனியோட வளையத்த தெருப் பசங்களுக்கெல்லாம் காட்டியிருக்கேன், மறுபடி அப்படி காட்டுனா போதும்"னு சொல்லித்தான் குடுத்தார். மிரர்ல ரசம் போயி ஓரமெல்லாம் பூஞ்சை, ஐபீஸ, அதான் கண் வெச்சுப் பாக்கற லென்ஸ, உள்ள வெளிய நகத்தற ஃபோகஸர்ல பல் தேஞ்சு போயிருந்துச்சு. அலுமினியம் கோட்டிங் புதுசா போட்டு வாங்கி, உள்ள மேட் கறுப்பு அடிச்சு, புது ஃபோகஸர் மாட்டி, மூணு மாசம் கழிச்சு மொட்டை மாடிக்கு தூக்கிட்டுப் போயி நிலாவ பாத்தா ஒரு வெள்ளை உருண்டைதான் தெரியுது. நாப் உள்பக்கமா திருகத் திருக உருண்டை சின்னதாகுது, ஓரம் கூர்மையாகுது, இன்னும் கொஞ்சம் போனா பள்ளமெல்லாம் தெரிஞ்சிடும்னு மனசு அடிச்சுக்குது, அப்ப டக்குனு ஃபோகஸர் முட்டிக்கிச்சு, அதுக்கு மேல உள்ள போக இடமில்ல.

பழைய ரிஃப்ளெக்டர ரிப்பேர் பண்றவங்க முக்கால்வாசி பேர் இந்த இடத்துல மாட்டுவாங்க, பதட்டத்துல உடனே ட்யூப அறுக்கவோ ஓட்டை போடவோ போயிடுவாங்க. தயவு செஞ்சு பண்ணாதீங்க. மொதல்ல எந்தப் பக்கம், எத்தனை மிமீ, இந்த ரெண்டும் கைல இருக்கணும். அது தெரிஞ்சா பாதி வேலை ஸ்பேனரோட முடிஞ்சிடும்.

பட்டர் பேப்பர் டெஸ்ட்

பெரிய மிரர்ல பட்ட வெளிச்சம் சரியா 1200 மிமீ தாண்டி ஒரு புள்ளியில கூடும், நடுவுல சாய்வா இருக்கற சின்ன கண்ணாடி, அதான் டயகனல், அத பக்கவாட்டுல திருப்பி விடுது, அவ்வளவுதான். அதனால மிரர்ல இருந்து டயகனல் வரைக்கும் உள்ள தூரம், டயகனல்ல இருந்து படம் விழற இடம் வரைக்கும் உள்ள தூரம், ரெண்டையும் கூட்டினா எப்பவும் 1200. மிரர 10 மிமீ முன்னாடி தள்ளினா படம் ஃபோகஸர் வழியா 10 மிமீ வெளிய வரும், பின்னாடி தள்ளினா 10 மிமீ உள்ள போகும். கீழ வர்ற எல்லா வைத்தியமும் இந்தக் கணக்குதான்.

இப்ப டெஸ்ட். நிலா இருக்கற ராத்திரி ஐபீஸ கழட்டிடுங்க, ஃபோகஸர முழுசா உள்ள விட்டுடுங்க, டெலஸ்கோப்ப நிலா பக்கம் திருப்பி ஃபோகஸர் வாய்கிட்ட ஒரு துண்டு பட்டர் பேப்பர புடிச்சு மேலயும் கீழயும் நகத்திப் பாருங்க. ஒரு இடத்துல நிலா குட்டியா, கூர்மையா பேப்பர் மேலயே விழும், 1200 மிமீ ஃபோகல் லெங்த்துக்கு அது சுமார் 11 மிமீ அகலம் இருக்கும். அந்த இடம் வாய்க்கு மேல 10-15 மிமீ உயரத்துல இருந்தா பெரும்பாலான ஐபீஸுக்கு சரி. வாய்ல வெச்சாலும் கலங்கலாவே இருந்து, மேல தூக்கத் தூக்க இன்னும் பெருசானா படம் உள்ள எங்கயோ விழுதுனு அர்த்தம். அப்ப ஃபோகஸருக்குள்ள நுழையற மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் எடுத்து, அதோட நுனியில பேப்பர ஒட்டி உள்ள விட்டு, படம் தெளியற ஆழத்த குழாய் மேல பேனாவால குறிச்சிடுங்க. எனக்கு வாய்க்கு உள்ள 19 மிமீ வந்துச்சு.

இந்த டெஸ்ட்ட பகல்ல சூரியன வெச்சு சீக்கிரம் முடிச்சிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. பேப்பர் பத்திக்கும், பக்கத்துல கண் போனா பார்வையே போயிடும்.

மிரரோட ஃபோகல் லெங்த்தே தெரியலைனா வீட்டு ஹால்லயே கண்டுபிடிக்கலாம். மிரர ஒரு பக்கம் செங்குத்தா நிக்க வெச்சு, எதிர்ல ஒரு சின்ன டார்ச்சும் அதுக்கு ஒட்டினாப்ல ஒரு அட்டையும் புடிச்சு முன்ன பின்ன போங்க, டார்ச்சோட பிம்பம் திரும்பி வந்து அட்டையில கூர்மையா விழற தூரம் ஃபோகல் லெங்த்த போல ரெண்டு மடங்கு. என் மிரருக்கு 2400 மிமீ கிட்ட, ஹால் பத்தாம பெட்ரூம் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு அளந்தேன்.

அறிகுறி: உள்ள போகப் போக தெளியுது, ஆனா முட்டிக்குது

எனக்கு இருந்தது இதுதான், இதுலதான் ரொம்ப பேர் தடுமாறுவாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

படம் 19 மிமீ உள்ள விழுது, எனக்கு 12 மிமீ வெளிய வேணும், ஆக மொத்தம் 31 மிமீ. இது எங்க போச்சுனு ஒவ்வொண்ணா தேடினேன். பழைய ஃபோகஸர் முழுசா உள்ள போனப்ப ட்யூப்ல இருந்து 78 மிமீ உயரம், புதுசு 96, அங்க 18 போயிடுச்சு. மீதி 13 எங்கனு ரெண்டு நாள் புரியல. கடைசியில பாத்தா மிரர் செல்லுல, அதான் மிரர தாங்கற சட்டத்துல, இருந்த மூணு ஸ்பிரிங். பழசு துரு புடிச்சிருக்கேனு ஹார்டுவேர் கடையில அதே தடிமன்ல புதுசு வாங்கிப் போட்டேன், உயரத்த பாக்கல, புதுசு குட்டை. மிரர் அப்படியே 13 மிமீ பின்னாடி போயி உக்காந்துடுச்சு.

அதனால பிரிக்காத டெலஸ்கோப் உங்க கைல இருந்தா இப்பவே ஒரு வேலை பண்ணுங்க. ட்யூபோட பின் விளிம்புல இருந்து மிரர் செல் எவ்வளவு உள்ள இருக்கு, ஸ்பிரிங் ஒவ்வொண்ணும் எத்தனை மிமீ, கார்க், வாஷர் எந்த வரிசையில இருந்துச்சு, ஃபோகஸர் உயரம் என்ன, எல்லாத்தையும் ஸ்கேல் பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்துடுங்க. செல்ல எந்தப் பக்கமா மாட்டியிருந்தாங்கனும் பாருங்க, சில வீட்டுச் செல்ல ரெண்டு பக்கமும் மாட்ட முடியும், தலைகீழா போட்டா மிரர் ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளிப் போயிடும், அந்த ஒரு தப்புக்கு ட்யூபையே அறுத்தவங்க இருக்காங்க.

சரி பண்ற வரிசை: மொதல்ல தேவையில்லாத அடாப்டர், எக்ஸ்டென்ஷன் வளையம் ஏதாவது ஃபோகஸர்ல இருந்தா கழட்டுங்க, சில சமயம் அதோடயே முடிஞ்சிடும். அடுத்து ஸ்பிரிங்கும் போல்ட்டும். நீளமான எம்6 போல்ட், உயரமான ஸ்பிரிங் போட்டா 10-15 மிமீ சுலபமா கிடைக்கும், ஆனா அதுக்கு மேல ஆசைப்படாதீங்க, போல்ட் நீளமாக நீளமாக மிரர் ஆட ஆரம்பிச்சிடும், ட்யூப சாய்க்கும்போதெல்லாம் கொலிமேஷன், அதாவது ரெண்டு கண்ணாடியும் ஒரே நேர்ல நிக்கறது, மாறும். ஜேசி ரோடு பக்கம் வண்டி ஸ்பேர் கடைங்கள்ல தேடினா அளவுக்கு ஸ்பிரிங் கிடைக்கும், பழச கையோட எடுத்துட்டுப் போங்க.

அதுக்கும் பத்தலைனா செல்லையே முன்னாடி தள்ளணும். செல் ட்யூபோட பக்கவாட்டு ஸ்க்ரூல நிக்கிறதுனால எனக்கு ஸ்பிரிங்ல 13 போக மீதி 18 மிமீ முன்னாடி புதுசா மூணு ஓட்டை போட்டா போதும்னு ஆச்சு. ஓட்டை ஒரே மட்டத்துல வர்றதுக்கு ஒரு நீளமான பேப்பர ட்யூப சுத்தி விளிம்போட விளிம்பு சேர்ற மாதிரி ஒட்டி, அந்த விளிம்ப ஒட்டியே குறிச்சேன், பேப்பர் தப்பு பண்ணாது, ஸ்கேல் வெச்சு தனித்தனியா அளந்தா ஒரு நூலாவது மாறிடும். மிரர வெளிய எடுத்து வெச்சுட்டு அப்புறம் டிரில் பண்ணுங்க, பிவிசி தூள் புதுக் கோட்டிங் மேல விழுந்தா தொடைக்கவே முடியாது.

மிரர முன்னாடி தள்றதுக்கு முன்னாடி டயகனல் தாங்குமானு பாக்கணும், இத யாரும் சொல்றதில்ல. மிரர் கிட்ட வந்தா டயகனல் இருக்கற இடத்துல வெளிச்சக் கூம்பு தடிமனாயிடும், டயகனல் பத்தாம ஓர வெளிச்சம் வீணாப் போகும். கணக்கு சின்னதுதான்: டயகனல்ல இருந்து படம் வரைக்கும் உள்ள தூரத்த எஃப் எண்ணால வகுத்தா நடுப்புள்ளிக்கு மட்டும் வேண்டிய அகலம் வந்துடும். என்னோடதுல அந்த தூரம் 190-ல இருந்து 208 ஆச்சு, எட்டால வகுத்தா 26 மிமீ. நிலா முழுசுக்கும், அதாவது 12 மிமீ வட்டத்துக்கு முழு வெளிச்சம் வேணும்னா, 150-ல 12 போக 138, அத 208-ஆல பெருக்கி 1200-ஆல வகுத்து, 12 கூட்டுங்க, கிட்டத்தட்ட 36. என் டயகனலோட சின்ன அகலம் 38, தப்பிச்சேன். எஃப் 8-ல ஒவ்வொரு 8 மிமீ தள்ளலுக்கும் நடுப்புள்ளிக் கூம்பு 1 மிமீ தடிக்கும், எஃப் 5-ல 5 மிமீக்கே 1 மிமீ, அதனால குட்டை ட்யூப் வெச்சிருக்கறவங்க மிரர நகத்தறத விட உயரம் கம்மியான ஃபோகஸர் வாங்கறதுதான் என் கணக்குல நல்லது.

அறிகுறி: எதிர் வீட்டு வாட்டர் டேங்க் பளிச்சுனு தெரியுது, நிலா தெரியல

இதுவும் மேல சொன்ன அதே நோய்தான், ஆனா பகல்ல டெஸ்ட் பண்ணி "எல்லாம் சரியா இருக்கு"னு முடிவு பண்ணிடுவோம், அதான் ஆபத்து. கிட்ட இருக்கற பொருளுக்கு ஃபோகஸ் வெளிய தள்ளி விழும். 1200 மிமீ ஃபோகல் லெங்த்துக்கு 50 மீட்டர் தள்ளி இருக்கற டேங்க், நிலாவ விட கிட்டத்தட்ட 30 மிமீ வெளிய ஃபோகஸ் ஆகும். 100 மீட்டர்னா 15 மிமீ. ஒரு கிலோமீட்டர்னா ஒன்றரை மிமீதான். பெங்களூர்ல நம்ம மாடியில இருந்து அடுத்த அபார்ட்மென்ட் 50 மீட்டர் இருந்தாலே பெருசு, அத நம்பி ஓட்டை போட்டுடாதீங்க. பகல்லதான் பாக்க முடியும்னா ரொம்ப தூரத்துல தெரியற செல்போன் டவர புடிங்க, ஒரு கிலோமீட்டருக்கு மேல.

இத நல்லதுக்கும் பயன்படுத்தலாம். ஃபோகஸர் முழுசா உள்ள போன நிலையில 100 மீட்டர் தூரப் பொருள் சரியா தெளிஞ்சா, நிலாவுக்கு இன்னும் 15 மிமீ உள்ள போகணும்னு நிலாவே இல்லாம தெரிஞ்சுக்கலாம், அதோட கொஞ்சம் இடைவெளி சேத்துக்கோங்க. ஜூன்ல இருந்து மேகம் மூடிக்கிட்டே இருக்கற நம்ம ஊருக்கு இது பெரிய உதவி.

அறிகுறி: வெளிய இழுக்க இழுக்க தெளியுது, ஃபோகஸர் கழண்டு வந்துடும் போல இருக்கு

இது வந்தா சந்தோஷப்படுங்க, இதுதான் சுலபம். ஐபீஸ ஃபோகஸருக்குள்ள முழுசா விடாம கொஞ்சம் தூக்கிப் புடிச்சுப் பாருங்க, தெளிஞ்சா எத்தனை மிமீ தூக்கினீங்களோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் குழாய் போதும். 1.25 இன்ச் ஐபீஸ்னா உள் அளவு 31.75 மிமீ, 2 இன்ச்னா 50.8. ரொம்பப் பழைய ஜப்பான் ஃபோகஸர்ல 24.5 மிமீ இருக்கும், அதுக்கு இப்ப ஐபீஸ் தேடறத விட ஃபோகஸரயே மாத்திடறது நல்லது.

ஒரு நண்பருக்காக பீன்யாவுல ஒரு லேத் பட்டறைக்கு கூடப் போனேன். அந்த அண்ணன் "எஷ்டு எம்எம் சார்?"னு கேட்டார், நண்பர் "ஒண்ணேகால் இன்ச்"னு சொல்ல, அவர் தலைய ஆட்டி மறுபடி "எம்எம்ல சொல்லுங்க சார்"ங்கிறார். 31.75-னு சொன்னா அப்படியே கடைஞ்சிடுவார், ஐபீஸ் உள்ள போகாது, ஒரு மயிரிழை இடைவெளி வேணும், அதனால உங்க ஐபீஸயே கொண்டு போய்க் குடுத்து "இது வழுக்கிட்டுப் போகணும், ஆடக் கூடாது"னு சொல்லிடுங்க. பக்கத்துல ஒரு ஸ்க்ரூவுக்கு மறை போட்டு வாங்கிக்கோங்க, இல்லைனா டெலஸ்கோப் சாயும்போது ஐபீஸ் கீழ விழுந்துடும்.

அறிகுறி: எந்தப் பக்கம் போனாலும் சுமாராத்தான் தெரியுது

ஃபோகஸ் நடு தூரத்துல வருது, தாண்டியும் போக முடியுது, ஆனா கூர்மை இல்லைனா ஃபோகஸ் தூரத்த விட்டுடுங்க, அது குத்தவாளி இல்ல. ஒரு பிரகாசமான நட்சத்திரத்த எடுத்து ஃபோகஸ கொஞ்சம் உள்ள, கொஞ்சம் வெளிய கொண்டு போங்க. வட்டமில்லாம முட்டை மாதிரி நீண்டு, உள்ள ஒரு திசை, வெளிய அதுக்கு குறுக்கு திசைனா அஸ்டிக்மாட்டிசம், மிரரோ டயகனலோ எங்கயோ அழுத்தப்பட்டு வளைஞ்சிருக்கு. முக்கோணமா தெரிஞ்சா மிரர புடிக்கற மூணு கிளிப்ப இறுக்கிட்டீங்க, கிளிப்புக்கும் மிரருக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவுக்கு தளர்த்துங்க. வட்டம் ஒரு பக்கமா ஒதுங்கியிருந்தா கொலிமேஷன்.

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கு பக்கத்துலயும் மங்கலா இன்னொண்ணு தெரிஞ்சா டயகனல சந்தேகப்படுங்க. நடுவுல யாராவது உடைஞ்ச டயகனலுக்குப் பதிலா முகம் பாக்கற கண்ணாடிய வெட்டி ஒட்டியிருப்பாங்க, அதுல ரசம் பின்பக்கம் இருக்கும், முன்பக்கக் கண்ணாடியும் தனியா ஒரு பிம்பம் குடுக்கும். விரல் நுனிய கண்ணாடி ஓரத்துல லேசா கிட்ட கொண்டு போயி, விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா பின்பக்க ரசம்னு தெரிஞ்சிடும்.

இன்னொரு வகை இருக்கு, கடையில வாங்கின 114 மிமீ, ஃபோகல் லெங்த் 1000-னு போட்டிருக்கும், ஆனா ட்யூப் நீளம் அரை மீட்டர்தான் இருக்கும். இந்த வகையில ஃபோகஸர் குழாயோட அடியில ஒரு லென்ஸ் ஒட்டியிருக்கும், அதுதான் ஃபோகல் லெங்த்த நீட்டி, உருண்டை மிரரோட குறையயும் சரி பண்ணுது. அத யாராவது "பழைய பார்லோ போல"னு (உருவத்த பெருசாக்க ஐபீஸுக்கு முன்னாடி போடற துணை லென்ஸ்) கழட்டிப் போட்டுட்டா ஃபோகஸ் ட்யூபுக்குள்ள போயிடும், மிரர எவ்வளவு நகத்தினாலும் நல்ல படம் வராது. அந்த லென்ஸ் இருக்கா, சரியான பக்கம் திரும்பியிருக்கா, இத பாக்காம ஸ்பேனர தொடாதீங்க.

அறிகுறி: ஃபோகஸ் ஆகுது, ஆனா நிக்கல

நாப விட்டதும் மெல்ல மெல்ல கலங்கினா குழாய் எடையில இறங்குது, நாப் பக்கத்துல இருக்கற டென்ஷன் ஸ்க்ரூவ கால் சுத்து இறுக்குங்க. திசை மாத்தும்போது நிலா பக்கவாட்டுல குதிச்சா குழாய்க்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவுல ஆட்டம், பழைய எக்ஸ்-ரே ஃபிலிம மெல்லிசா வெட்டி பல் இல்லாத பக்கமா ஒட்டினா போதும். பாதியில இறுகி நின்னா பெரும்பாலும் காஞ்ச கிரீஸ், மண்ணெண்ணெய்ல கழுவி துளி வெள்ளை லித்தியம் கிரீஸ் வைங்க. பெயின்ட் அடிச்சப்ப குழாய் மேல பட்டிருந்தாலும் இதே மாதிரி நிக்கும், அரம் போடாதீங்க, மெல்லிய உப்புத்தாள் போதும்.

இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னா எஃப் 8-லயே நல்ல ஃபோகஸுக்கு கிடைக்கற இடம் மொத்தம் 0.14 மிமீ கிட்டதான், எஃப் 5-ல 0.05 மிமீ. காவலூர்ல இருக்கற 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்போட பிரைம் ஃபோகஸ் (பெரிய மிரரோட நேர் ஃபோகஸ்) எஃப் 3.25, அங்க அது இன்னும் சுருங்கிடும். பல்லுல ஆட்டம் இருந்தா அந்த இடத்துல நிறுத்தவே முடியாது.

அறிகுறி: ஐபீஸ்ல சரி, கேமரா மாட்டினா ஃபோகஸ் இல்ல

டிஎஸ்எல்ஆர்ல சென்சார் மவுன்ட்டுக்கு உள்ள ரொம்ப பின்னாடி இருக்கு, கேனான்ல 44 மிமீ, நிகான்ல 46.5, கேமராவ டெலஸ்கோப்போட இணைக்கற டி-ரிங்கோட சேத்தா 55. அவ்வளவும் உள்ள போக வேண்டியிருக்கும். கேமராவுக்காக மிரர முன்னாடி தள்ளினா ஐபீஸுக்கு எக்ஸ்டென்ஷன் போடணும், டயகனலும் பத்தாது, அதனால பார்லோ போட்டு எடுங்க, பார்லோ ஃபோகஸ வெளிய தள்ளிடும். மொபைல ஐபீஸ் மேல வெச்சு எடுத்தா இந்தப் பிரச்சனையே இல்ல.

அறிகுறி: ஒருத்தருக்குத் தெரியுது, இன்னொருத்தருக்குத் தெரியல

ஓட்டையெல்லாம் போட்டு முடிச்ச அன்னைக்கு பெரியவர மாடிக்கு கூட்டிட்டுப் போனேன். எனக்கு மைனஸ் நாலு பவர், கண்ணாடிய கழட்டிட்டு நான் ஃபோகஸ் பண்ணி வெச்சத அவர் பாத்துட்டு "கலங்கலா இருக்கே தம்பி"ன்னார். ஒரு நொடி வயித்துல புளி கரைச்சுது. காரணம் கண்ணுதான். கிட்டப்பார்வை உள்ளவங்க கண்ணாடி இல்லாம பாத்தா ஃபோகஸர் இன்னும் உள்ள போகணும், எவ்வளவுனா ஐபீஸோட மிமீய அதாலயே பெருக்கி, பவரால பெருக்கி, ஆயிரத்தால வகுக்கணும். 25 மிமீ ஐபீஸ், நாலு பவர்னா 2.5 மிமீ. தூரப்பார்வை உள்ளவங்களுக்கு அதே அளவு வெளிய. அதனாலதான் 12 மிமீ இடைவெளி வேணும்னு மேல சொன்னேன், ரெண்டு பக்கமும் கண்ணுக்கும், ஒவ்வொரு ஐபீஸுக்கும் மாறற ஃபோகஸுக்கும் சேத்து. இடைவெளியே இல்லாம சரியா விளிம்புல ஃபோகஸ் வர்ற மாதிரி கட்டினா உங்க கண்ணுக்கு மட்டும்தான் அது டெலஸ்கோப்.

"நீங்களே திருப்புங்க ஐயா, வெளிப்பக்கமா"னு சொல்லி நாப அவர் கைல குடுத்தேன். ரெண்டு மூணு தடவ முன்ன பின்ன போனார், அப்புறம் கை நின்னுடுச்சு. ரொம்ப நேரம் ஐபீஸ்ல இருந்து கண்ண எடுக்கல.